விழுங்கினால் இருமல்: உணவுக்குழாய் அறுவைக்குப் பின் வரும் ‘ஃபிஸ்டுலா’ என்றால் என்ன?

‘ஃபிஸ்டுலா’ என்று சொன்னால் நம் ஊரில் பலருக்கு நினைவுக்கு வருவது பேருந்து நிலையச் சுவர்களில் எழுதியிருக்கும் ‘மூலம், பௌத்திரம்’ விளம்பரம்தான். டயாலிசிஸ் செய்துகொள்பவர் இருக்கும் வீடு என்றால், கையில் ரத்தக் குழாய்களை இணைக்கும் அறுவைக்கு அந்தப் பெயர். இந்த இரண்டில் ஒன்றை மட்டும் தெரிந்துவைத்திருக்கும் குடும்பத்திடம், உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு அறுவை முடிந்த பத்தாவது நாளில், “மூச்சுக்குழாயில் ஃபிஸ்டுலா வந்திருக்கு” என்று மருத்துவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். “ஏதோ சின்ன ஓட்டையாம், தையல் போட்டுடுவாங்களாம்” என்றுதான் ஊருக்கு போன் போகும்.

ஓட்டை என்பது சரி. சின்னது என்பதும் சில நேரம் சரியாக இருக்கலாம். ‘தையல் போட்டுடுவாங்க’ என்ற இடத்தில்தான் பேச்சு தடம் மாறுகிறது. ஏன் உடனே தைப்பதில்லை, ஒரு வாய் தண்ணீர்கூட ஏன் தரக் கூடாது என்கிறார்கள், இதயத்துக்கு வைப்பதுபோல ஒரு ஸ்டென்ட் வைத்தால் முடியாதா என்ற கேள்விகளுக்குப் பதில் தெரியாமல் ஐசியூ வாசலில் உட்கார்ந்திருப்பது கொடுமை. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டு குழாய்கள், ஒரு பொதுச் சுவர்

கழுத்தின் முன்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தால் வளையம் வளையமாகத் தட்டுப்படும். அதுதான் மூச்சுக்குழாய். 10 முதல் 12 செ.மீ. நீளம் இருக்கும், மார்புக்குள் இறங்கியதும் வலம், இடம் என இரண்டு கிளைகளாகப் பிரிந்து நுரையீரல்களுக்குள் போகும். அதற்கு நேர் பின்னால், முதுகெலும்பை ஒட்டி இறங்குவது உணவுக்குழாய். இது சுமார் 25 செ.மீ.

மூச்சுக்குழாயின் வளையங்கள் குருத்தெலும்பால் ஆனவை, ஆனால் முழு வட்டங்கள் அல்ல. குதிரை லாடம்போல ஒரு பக்கம் திறந்திருக்கும். அந்தத் திறந்த பக்கம் பின்னால், உணவுக்குழாயைப் பார்த்தபடி இருக்கிறது. அங்கே எலும்பும் இல்லை, குருத்தெலும்பும் இல்லை. மெல்லிய தசையும் சவ்வும்தான். பெரிய கவளமாகச் சோற்றை விழுங்கும்போது உணவுக்குழாய் உப்புவதற்கு அந்த மென்மை இடம் கொடுக்கிறது. கருவில் நாலாவது வாரத்தில் இந்த இரண்டும் ஒரே குழாயிலிருந்துதான் பிரிகின்றன. அந்த நெருக்கம் கடைசிவரை விட்டுப்போவதில்லை.

ஒரே சுவரைப் பொதுவாகக் கொண்ட இரண்டு தொட்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று குடிநீர்த் தொட்டி, மற்றொன்று கழிவுநீர்த் தொட்டி. சுவர் உறுதியாக இருக்கும்வரை ஒன்றுமில்லை. சுவரில் ஒரு துளை விழுந்தால், கழிவுநீர்த் தொட்டிக்கு ஒரு நட்டமும் இல்லை, கெட்டுப்போவது குடிநீர். இங்கே அந்தக் குடிநீர்த் தொட்டியின் இடத்தில் இருப்பவை நம் நுரையீரல்கள்.

உடலில் இரண்டு உள்ளிடங்களுக்கு நடுவே, அல்லது ஒரு உள்ளிடத்துக்கும் வெளித்தோலுக்கும் நடுவே, இயல்பாக இல்லாத ஒரு வழி உண்டாகி அது மூடாமல் நிலைத்துவிட்டால் அதற்குப் பெயர் ஃபிஸ்டுலா. பௌத்திரம் ஆசனவாயின் உட்பக்கத்துக்கும் வெளித்தோலுக்கும் நடுவே உண்டாகும் வழி. டயாலிசிஸ்காரர்களுக்குச் செய்வது, தமனிக்கும் சிரைக்கும் நடுவே வேண்டுமென்றே உண்டாக்கும் வழி. நாம் பேசுவது உணவு போகும் பாதைக்கும் மூச்சு போகும் பாதைக்கும் நடுவே விழுந்த வழி. பெயர்தான் ஒன்று, ஆபத்தின் அளவு ஒன்றல்ல.

அறுவையில் உண்மையில் என்ன செய்கிறார்கள்?

“உணவுக்குழாயை எடுத்துட்டாங்க” என்று சொல்லும்போது, அப்புறம் சாப்பாடு எதன் வழியாகப் போகிறது என்று பலர் யோசிப்பதில்லை. எடுத்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய் வைத்திருப்பதாக நினைப்பவர்களும் உண்டு. அப்படி இல்லை. இரைப்பையை அதன் கட்டுகளிலிருந்து விடுவித்து, ஓரத்தை ஸ்டேப்ளர் கருவியால் வெட்டி மூடி, நீளமான குழல்போல ஆக்கி, மார்புக்குள் மேலே இழுத்து, மிச்சமிருக்கும் உணவுக்குழாயோடு இணைக்கிறார்கள். இதை இரைப்பைக் குழல் என்று வைத்துக்கொள்வோம். இணைப்பு மார்புக்குள் இருக்கலாம், கழுத்தில் இருக்கலாம். டிஸ்சார்ஜ் தாளில் ‘ஐவர் லூயிஸ்’ என்று எழுதியிருந்தால் அது மார்புக்குள் இணைக்கும் முறை. 1946இல் அதை விவரித்த வேல்ஸ் நாட்டு அறுவை மருத்துவரின் பெயர் அது. ‘மெக்கியூன்’ என்றிருந்தால் கழுத்தில் இணைத்திருக்கிறார்கள்.

இரைப்பைக்குப் பல பக்கங்களிலிருந்து ரத்தம் வருகிறது. அதை மேலே இழுக்க வேண்டுமானால் அந்த வழிகளில் பலவற்றை வெட்டித்தான் ஆக வேண்டும். முக்கியமாக ஒரே ஒரு தமனியை மட்டும் பத்திரமாக விட்டுவைப்பார்கள். அது இரைப்பையின் வெளி வளைவை ஒட்டிக் கீழிருந்து மேலே ஓடுகிறது. குழலின் கீழ்ப்பகுதிக்கு ரத்தம் தாராளமாகக் கிடைக்கும். மேல் நுனிக்கு வந்து சேர்வது மிச்சம் மீதிதான்.

காவிரி டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரவில்லை என்று ஒவ்வொரு ஆண்டும் செய்தி வருகிறதே, அதேதான். துரதிருஷ்டம் என்னவென்றால், இந்தக் கடைமடையில்தான் தையல் விழுகிறது. புண் ஆற ரத்தம் வேண்டும், ஆற வேண்டிய புண்ணோ ரத்தம் குறைவாக வரும் நுனியில் இருக்கிறது. எவ்வளவு கைதேர்ந்த மருத்துவர் செய்தாலும் ஒரு பகுதியினருக்கு இணைப்பில் கசிவு வருவது இதனால்தான். வார்டில் இதை ‘லீக்’ என்பார்கள். லீக் என்றதும் யாரோ சரியாகத் தைக்கவில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

*இதுவரை:* மூச்சுக்குழாயின் பின்சுவர் மெல்லியது. அதை ஒட்டி இப்போது இரைப்பைக் குழல் நிற்கிறது. அந்தக் குழலின் நுனிக்கு ரத்தம் குறைவு.

ஓட்டை எப்படி விழுகிறது?

லீக் வந்த எல்லோருக்கும் ஃபிஸ்டுலா வருவதில்லை. பெரும்பாலானோருக்கு வருவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கழுத்து இணைப்பில் கசிந்தால் அது பெரும்பாலும் கழுத்து வழியாக வெளியே வந்துவிடும். மார்புக்குள் கசிந்தால் போக வழியில்லாமல் தேங்கிச் சீழ்க்கட்டி ஆகலாம். அந்தச் சீழும், அதில் கலந்திருக்கும் இரைப்பை அமிலமும், பித்தநீரும் பக்கத்துச் சவ்வை நாள்கணக்கில் அரிக்கின்றன. ஒருநாள் சுவர் விட்டுவிடுகிறது.

மூச்சுக்குழாயின் பக்கத்திலிருந்தும் பலவீனம் தொடங்கலாம். புற்றுநோய் அறுவையில் அதைச் சுற்றியுள்ள நிணநீர் முடிச்சுகளையும் எடுக்கிறார்கள். அப்போது அந்தச் சுவருக்கு ரத்தம் கொண்டுவரும் நுண்குழாய்கள் சில போய்விடும். வெட்டவும் ரத்தத்தை நிறுத்தவும் பயன்படும் மின்கருவியின் சூடு பட்டிருக்கலாம். அறுவைக்கு முன் கதிர்வீச்சு கொடுத்திருந்தால் திசுக்கள் ஆறும் வேகம் ஏற்கனவே குறைந்திருக்கும். அறுவைக்குப் பின் பல நாள் வென்டிலேட்டரில் இருந்தவர்களுக்கு, வென்டிலேட்டருக்காக மூச்சுக்குழாய்க்குள் விட்ட செயற்கைக் குழலைச் சுற்றி ஊதியிருக்கும் சிறு பலூனின் அழுத்தமும் உள்ளிருந்து சேர்ந்துகொள்ளும்.

இவை அறுவை முடிந்த சில நாள், சில வாரங்களில் வருபவை. மாதங்கள், ஏன் ஆண்டுகள் கழித்தும் வரலாம். இரைப்பை மேலே போனாலும் இரைப்பைதான். அது அமிலம் சுரப்பதை நிறுத்துவதில்லை. அந்தக் குழலில் புண் வந்து ஆழமாகி முன்சுவரைத் துளைப்பது உண்டு. புற்றுநோயே திரும்பி வந்து அரிப்பதும் உண்டு. இந்தக் கடைசி வகைக்கு மருத்துவம் வேறு பாதையில் போகும்.

புரையேறுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

சாப்பிடும்போது புரையேறினால் தலையில் தட்டி, “யாரோ உன்னை நினைக்கிறாங்க” என்போம். அந்தப் பழக்கத்தில்தான் பல வீடுகளில் நாள்கள் வீணாகின்றன. அறுவை முடிந்தவர் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் இருமினால், “தொண்டை இன்னும் பழகலை” என்று விட்டுவிடுகிறார்கள்.

உண்மையில் எல்லா இருமலும் ஃபிஸ்டுலா அல்ல. குரல்நாணை அசைக்கும் நரம்பு இந்த அறுவை நடக்கும் இடத்தை ஒட்டியே ஓடுகிறது. அது பாதிக்கப்பட்டாலும் புரையேறும், குரலும் கம்மிப் போகும். ஆனால் இது ஃபிஸ்டுலா இல்லை என்று வீட்டில் இருந்தபடி யாராலும் சொல்ல முடியாது. விழுங்கும் ஒவ்வொரு முறையும் இருமல், சளியில் பச்சையாகவோ மஞ்சளாகவோ பித்தநீர், குடித்த பாலோ சோற்றுப் பருக்கையோ சளியோடு வருவது, படுத்தால் கூடும் இருமல், மருந்து கொடுத்தும் திரும்பத் திரும்ப வரும் நிமோனியா, விடாத காய்ச்சல்: இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே அறுவை செய்த மருத்துவக் குழுவுக்குச் சொல்ல வேண்டும். அடுத்த செக்கப் தேதிவரை காத்திருக்கக் கூடாது. வாய்வழிச் சாப்பாட்டை அந்த நிமிடமே நிறுத்துவது நீங்களே செய்யக்கூடிய முதலுதவி.

மருத்துவமனையில் இதை உறுதிசெய்யும் முக்கியப் பரிசோதனை பிராங்கோஸ்கோப்பி, அதாவது கேமரா பொருத்திய மெல்லிய குழாயை மூச்சுப்பாதைக்குள் விட்டுப் பார்ப்பது. ஓட்டை எங்கே, எவ்வளவு பெரிது, கிளை பிரியும் இடத்துக்கு எவ்வளவு அருகில் என்று அதில் தெரியும். உணவுப்பாதைக்குள் எண்டோஸ்கோப்பி, மார்புக்கு சி.டி. ஸ்கேன் இரண்டும் சேர்ந்து வரும். குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுக்கும் கான்ட்ராஸ்ட் திரவங்களில் ஒரு வகை, நுரையீரலுக்குள் போனால் அங்கே நீர் கோக்கச் செய்துவிடும். அதனால் ஸ்கேன் சென்டருக்கு நீங்களே அழைத்துப்போக நேர்ந்தால், ஃபிஸ்டுலா சந்தேகம் இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

முதலில் தலைமடையை அடைக்க வேண்டும்

வாய்க்கால் கரை உடைத்துக்கொண்டால் அனுபவமுள்ள விவசாயி உடைப்பில் மண்ணைக் கொட்டிக்கொண்டு நிற்பதில்லை. முதலில் ஓடிப்போய்த் தலைமடையை அடைப்பார். தண்ணீர் பாய்ந்துகொண்டிருக்கும்போது கொட்டும் மண் எல்லாம் கரைந்துதான் போகும். உடைப்பும் இன்னும் அகலமாகும்.

ஃபிஸ்டுலா மருத்துவத்தின் சாரம் இவ்வளவுதான். ஓட்டை தன்னளவில் ஆளைக் கொல்வதில்லை. அதன் வழியாக நிமிடத்துக்கு நிமிடம் நுரையீரலுக்குள் இறங்கும் எச்சிலும் அமிலமும் பித்தமும்தான் கொல்கின்றன. எனவே முதல் சில நாள்களின் வேலை ஓட்டையை அடைப்பது அல்ல, நுரையீரலைக் காப்பது. ‘மூணு நாளாச்சு, இன்னும் எதுவுமே பண்ணலை’ என்று உறவினர்கள் கோபப்படும் அந்த மூன்று நாள்களில் நடப்பது இதுதான்.

வாய்வழி எதுவும் கிடையாது. நாக்கு நனைய ஒரு ஸ்பூன் இளநீர்கூட இல்லை. நமக்கு நாளுக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர்வரை எச்சில் ஊறுகிறது, அதுவே அந்தச் சுவருக்கு அதிகம். அதற்கு மேல் நாம் ஊற்றக் கூடாது. எச்சிலையும் விழுங்காமல் துப்பச் சொல்வார்கள். தலைப்பக்கம் உயர்த்திப் படுக்கவைப்பார்கள். மூக்கு வழியாக விட்ட குழாய் இரைப்பைக் குழலில் தேங்குவதை உறிஞ்சி எடுக்கும். அமிலத்தைக் குறைக்கவும் தொற்றை அடக்கவும் மருந்துகள் ஏறும். மார்புக்குள் சீழ் இருந்தால் குழாய் வைத்து வடிப்பார்கள். சீழ் உள்ளே தேங்கியிருக்கும்வரை வேறு எதுவும் ஆறாது.

வென்டிலேட்டர் தேவைப்பட்டால் சிக்கல் கூடுகிறது. இயந்திரம் அழுத்தித் தள்ளும் காற்று, நுரையீரலுக்குப் போவதற்குப் பதில் ஓட்டை வழியாக இரைப்பைக் குழலுக்குள் போய்விடும். நுரையீரலுக்குக் காற்று பற்றாது, வயிறு உப்பும், உப்பிய வயிறு இன்னும் திரவத்தை மேலே தள்ளும். வென்டிலேட்டர் குழலின் பலூன் ஓட்டைக்குக் கீழே இருக்கும்படி வைத்து இந்தச் சுழற்சியை உடைப்பார்கள். ஓட்டை கிளை பிரியும் இடத்தில் இருந்தால் அதற்கும் இடமிருக்காது.

சாப்பாடு? அது நின்றால் எல்லாம் நின்றுபோகும். புரதம் இல்லாமல் எந்தத் தையலும் ஒட்டாது. சிறுகுடலில் வயிற்றுத் தோல் வழியாக ஒரு மெல்லிய குழாய் வைத்து, அதில் நேராக ஊட்டத்தைச் செலுத்துகிறார்கள். வார்டில் இதை ‘எஃப்.ஜே. டியூப்’ என்பார்கள். பல மருத்துவமனைகளில் புற்றுநோய் அறுவையின்போதே இதை வைத்துவிடுகிறார்கள். வெறும் வேண்டாத குழாயாகத் தெரியும் அது, இந்த மாதிரி நாளில் உயிரைப் பிடித்துவைத்திருக்கும்.

சிறிய ஓட்டையாக இருந்து, சீழும் நன்றாக வடிந்து, உடலும் தேறினால் இத்தனை செய்ததிலேயே தானாக மூடிக்கொண்டவர்கள் உண்டு. ஆனால் அதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

ஸ்டென்ட் வைத்தால் போதாதா?

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். இதயத்துக்கு வைக்கும் ஸ்டென்ட் சுருங்கிய குழாயை விரித்துப் பிடிக்க வந்தது. விட்டம் பெரும்பாலும் 2.5 முதல் 4 மி.மீ. உணவுப்பாதைக்கு வைப்பது 20 மி.மீ. அளவில் இருக்கும், மேலே உறை போர்த்தியிருக்கும், வேலை ஓட்டையை மறைப்பது. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவருக்கு வைத்து அவர் மறுநாளே கஞ்சி குடித்தார் என்ற கதையும் பொய்யாக இருக்காது. அறுவை செய்ய முடியாத கட்டி இருப்பவர்களுக்கு, அந்தக் கட்டியே ஸ்டென்ட்டை நான்கு பக்கமும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதனால் நன்றாக வேலை செய்கிறது.

அறுவை முடிந்தவருக்கோ அங்கே இருப்பது அகலமான இரைப்பைக் குழல். ஸ்டென்ட்டைச் சுற்றி இடைவெளி விழுகிறது, அந்த வழியாகவே திரவம் கசிகிறது. பிடிமானம் இல்லாததால் நழுவிக் கீழேயும் இறங்கிவிடலாம். சரி, மூச்சுக்குழாய்ப் பக்கம் வைத்தால்? அதையும் செய்கிறார்கள். கிளை பிரியும் இடத்தில் ஓட்டை இருந்தால் கவட்டைக் குச்சி வடிவத்தில் ஒரு ஸ்டென்ட் உண்டு. சளி கட்டாமல் அடிக்கடி பார்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். இரண்டு பக்கமும் வைத்தால் இன்னும் பலம் என்று தோன்றும். ஆனால் நடுவில் சிக்கிய நலிந்த திசு இருபுறமும் நசுங்கி, ஓட்டை பெரிதாகும் அபாயம் இருக்கிறது.

ஆகவே புற்றுநோய் திரும்பாத ஒருவருக்கு ஸ்டென்ட் என்பது பெரும்பாலும் தற்காலிகப் பாலம். நுரையீரல் தேறும்வரை, உடம்பு ஒரு அறுவையைத் தாங்கும்வரை நேரம் வாங்கித் தரும். சிறு ஓட்டைகளுக்குக் கிளிப், பசை போன்றவற்றையும் எண்டோஸ்கோப்பி வழியாக முயல்வார்கள்.

*ஒரு நிமிடம் திரும்பிப் பார்ப்போம்:* முதலில் நுரையீரலுக்குள் திரவம் போவதை நிறுத்துவது, கூடவே சீழை வடிப்பது, சிறுகுடல் வழியாக ஊட்டம். ஓட்டையை நிரந்தரமாக அடைக்கும் பேச்சு இதற்கெல்லாம் பிறகுதான்.

தையல் எப்போது, எப்படி?

சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டுபவர் முதலில் அந்த இடத்தைத் துடைத்து, உலர்த்தி, தேய்த்துச் சொரசொரப்பாக்குவார். இற்றுப்போன டியூப் என்றால், “இதுல ஒட்டு நிக்காதுண்ணே” என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். சீழில் ஊறிய திசுவில் போடும் தையலும் அப்படித்தான். நூல் திசுவை அறுத்துக்கொண்டு வந்துவிடும்.

அதனால் தையல் மட்டும் போடுவதில்லை. இரைப்பைக் குழலை மூச்சுக்குழாயிலிருந்து பிரித்து, கெட்ட திசுவை நீக்கி, மூச்சுக்குழாயின் ஓட்டையை மூடி, நடுவே உயிருள்ள தசை ஒன்றைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். விலா எலும்புகளுக்கு இடையே இருக்கும் தசையையோ முதுகின் அகலமான தசையையோ ஒரு பக்கம் மட்டும் விடுவித்துத் திருப்புவார்கள்; அதன் ரத்தக் குழாயைத் துண்டிக்க மாட்டார்கள். கடைமடைக்குத் தனியாக ஒரு வாய்க்கால் வெட்டிக்கொண்டு வந்தது மாதிரி, அந்தத் தசை தன் ரத்தத்தோடு வந்து அங்கே உட்காருகிறது. இனி இரண்டு தொட்டிக்கும் நடுவே புதிய சுவர். இது பெரிய அறுவை. எவ்வளவு தேறிய உடம்போடு உள்ளே போகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் வெளியே வருவதும்.

சிலருக்கு இரைப்பைக் குழலே ரத்தமில்லாமல் கருத்துப்போயிருக்கும். அப்போது அதை எடுத்துவிட்டு, உணவுப்பாதையையே துண்டித்துவிடுவதுதான் உயிரைக் காக்கும் வழி. உணவுக்குழாயின் மேல்முனையைக் கழுத்தில் வெளியே திறந்துவிடுவார்கள். எச்சில் ஒரு பையில் சேரும், சாப்பாடு எஃப்.ஜே. டியூப் வழியாக. தலைமடையை முழுசாகத் திருப்பிவிட்டது போல.

இதைக் கேட்டதும் குடும்பங்கள் உடைந்துபோகின்றன. அவர்களிடம் சொல்லத் தோன்றும் ஒரு பழைய செய்தி உண்டு. 1913இல் நியூயார்க்கில் ஃபிரான்ஸ் டோரெக் என்ற மருத்துவர், மார்பைத் திறந்து உணவுக்குழாய்ப் புற்றுநோயை முதன்முதலாக வெற்றிகரமாக எடுத்தார். இரைப்பையை மேலே இழுத்து இணைக்கும் முறை அவர் கையில் இல்லை. கழுத்தில் ஒரு திறப்பு, வயிற்றில் ஒரு திறப்பு, இரண்டையும் உடம்புக்கு வெளியே ஒரு ரப்பர் குழாயால் இணைத்தார். அந்தப் பெண்மணி சாப்பிட்டது அந்தக் குழாய் வழியாகத்தான். பத்து ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்தார். இன்று கழுத்தில் பையோடு இருப்பவருக்கு அவரைவிடக் கூடுதலாக ஒரு வாய்ப்பு இருக்கிறது: சில மாதங்களில் உடல் தேறிய பிறகு, பெருங்குடலின் ஒரு துண்டை நெஞ்செலும்புக்குப் பின்னால் கொண்டுவந்து புதிய உணவுப்பாதை அமைக்க முடியும். எல்லோருக்கும் அது கூடிவரும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் பை என்பது முடிவு அல்ல.

புற்றுநோய் திரும்பியதால் வந்த ஓட்டை என்றால் மேலே சொன்ன பெரிய அறுவைகளைப் பெரும்பாலும் செய்ய மாட்டார்கள். ஆறாத திசுவில் அந்த வேதனையைக் கொடுப்பது நியாயமில்லை. அங்கே ஸ்டென்ட்தான் முதல் தேர்வு. நோக்கம் மூச்சுத்திணறாமல் இருப்பது, முடிந்தால் கொஞ்சம் வாயால் சாப்பிடுவது. இரண்டில் எது நமக்கு வந்திருக்கிறது என்பதை மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். “இது பழைய தையலால் வந்ததா, நோய் திரும்பி வந்ததா?” என்ற ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்தால் மற்ற முடிவுகள் பாதி புரிந்துவிடும்.

வீட்டில் இருக்கும் நாள்கள்

எஃப்.ஜே. டியூபோடு வீட்டுக்கு வந்துவிட்டால், சொல்லிக் கொடுத்த உணவை வடிகட்டி, மெதுவாக, அளவாக விட வேண்டும். ஒவ்வொரு முறைக்கும் முன்னும் பின்னும் சுத்தமான தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும். குழாய் நழுவி வெளியே வந்துவிட்டால் “நாளைக்குப் பார்க்கலாம்” என்று இருக்காதீர்கள். அந்தத் துளை சீக்கிரமே சுருங்கிவிடும்; உடனே போனால் அதே வழியில் மாற்றிவிட வாய்ப்பு இருக்கிறது.

எல்லாவற்றையும்விடக் கடினமானது வாசனை. அடுப்பில் ரசம் கொதிக்கும், பக்கத்தில் எல்லோரும் சாப்பிடுவார்கள், அவருக்கு மட்டும் குழாய். “ஒரே ஒரு மடக்கு காபி” என்று கெஞ்சுவார். கொடுத்துவிடத்தான் மனசு வரும். அந்த ஒரு மடக்கு எங்கே போகும் என்று இப்போது உங்களுக்குத் தெரியும். வாயைக் கொப்பளித்துத் துப்பலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அவர் சம்மதித்தால் அந்த ருசியாவது கிடைக்கும். அதுவரை அவர் எதிரில் சாப்பிடுவதைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள், ஆனால் அவரைத் தனியாக விட்டுவிடாமல் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருங்கள்.